தலைவர் தேடிய வார்த்தை

மைக்கைப் பிடித்தால் நாகநாதன் விடமாட்டார் என்பது பிடாரி வாய்க்கால் பாசனத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு மைக்தான் அவரைப் பிடித்துக்கொண்டது.

விவசாயிகள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். சமுதாயக்கூடத்தில் மின்விசிறிகளுக்கு அடியில் மட்டும் ஆட்கள், மற்ற நாற்காலிகள் காலி. தலைவர் உரை என்றதும் நாகநாதன் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். வருஷா வருஷம் பேசுகிற பேச்சுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்.

“நிர்வாகம்ங்கறது அதட்டுறதில்ல. கெஞ்சுறதும் இல்ல. வாய்க்கால்ல தண்ணி எப்படிப் போவுது? மேட்டைக் கண்டா மல்லுக்கட்டுதா? சுத்திக்கிட்டுப் போவுது. ஆனா போய்ச் சேந்துடுது. ஆளுறவன் அப்படி இருக்கணும். அதுக்குப் பெரியவங்க ஒரு வார்த்தை வச்சிருக்காங்க. அதுக்குப் பேரு...”

பேர் வரவில்லை.

ராஜதந்திரம். நமக்குச் சட்டென்று வந்துவிடுகிறது. அவருக்கு வரவில்லை. அந்த வார்த்தையை அவர் சொல்லாத கல்யாணம் கிடையாது, கருமாதி கிடையாது. பங்காளிகள் வரப்புச் சண்டையைத் தீர்த்துவைத்தால் அதைச் சொல்வார். காய்காரியிடம் கொசுறாக ஒரு கொத்து கறிவேப்பிலை வாங்கினாலும் அதைத்தான் சொல்வார். ஊரில் அவருக்கு அதுவே பட்டப்பெயர். இப்போது அது நாக்கு நுனி வரைக்கும் வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

கூட்டம் காத்திருந்தது. நாகநாதன் தண்ணீர் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்தார். மறுபடியும் குடித்தார்.

“அது என்ன வார்த்தைன்னு உங்களுக்கே தெரியும். தெரிஞ்சவங்ககிட்டப் போய்ச் சொன்னா மரியாதையா இருக்காது” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

முதல் கைத்தட்டல் மலர்க்கொடியிடமிருந்து வந்தது. சங்கத்தின் செயலாளர். விவசாயப் பட்டம் படித்துவிட்டு, கடைமடையில் அப்பாவின் வயலைத் தானே பார்க்கிற பெண். அவள் தட்டியதும் மொத்தக் கூடமும் தட்டியது. அவ்வளவு நேரம் தட்டவேண்டிய பேச்சே அல்ல. நாகநாதன் அதை வெற்றியாகத்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அந்த வார்த்தையைத் தேடிக்கொண்டே போனார்.

ஒரு வார்த்தையோடு போயிருந்தால் பரவாயில்லை. கொஞ்ச நாளாகவே அவருக்குள் எதுவோ ஒழுகிக்கொண்டிருந்தது. ஹபீப் முகம்மதுவின் டீக்கடையில் டீ குடித்துவிட்டுப் பத்தடி நடந்து, திரும்பி வந்து, “ஒரு டீ போடுங்க பாய்” என்றிருக்கிறார். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பியிருக்கிறார். அதெல்லாம் போகட்டும். வாய்க்காலில் நடந்ததுதான் அவரைச் சுட்டது.

பிடாரி வாய்க்காலில் தண்ணீர் குறைந்துவிட்டால் முறை வைத்துத்தான் விடுவார்கள். ஒருநாள் தலைமடைக்கு, ஒருநாள் கடைமடைக்கு. கடைமடை முறை என்றால் தலைவர் தன் கையால் தலைமடை ஷட்டரை இறக்கி, அதன் மேல் ஒரு வேப்பங்கொப்பைச் சொருகவேண்டும். கொப்பு இருக்கும் வரை தலைமடைக்காரன் எவனும் ஷட்டரைத் தொடமாட்டான். போலீஸ் போட்டாலும் கேட்காத ஜனம் அந்தக் கொப்புக்குக் கேட்கும். அதைச் சொருகவும் எடுக்கவும் தலைவர் ஒருவருக்குத்தான் உரிமை. புரட்டாசி ஆரம்பத்தில், கடைமடை முறை நடந்துகொண்டிருந்தபோதே, நாகநாதன் போய்க் கொப்பைப் பிடுங்கிப் போட்டார். அடுத்த முறைக்கும் சொருகவில்லை. மேலே வயல்களில் தண்ணீர் வழிந்தது. கீழே மலர்க்கொடி நட்ட பயிர் வெயிலில் காய்ந்து சருகாகிவிட்டது.

ஆடு மேய்க்கிறவன் எவனோ கொப்பை எடுத்துவிட்டான் என்று அன்றைக்குச் சத்தம் போட்டார். ஊர் நம்பியது. நம்பியது என்று அவர் நம்பினார்.

இது மனைவி ராஜாத்திக்குத் தெரியக்கூடாது. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது நாகநாதன் எடுத்த தீர்மானம் அதுதான். தெரிந்தால் சிங்கப்பூரில் இருக்கிற மகன் அரவிந்தன் காதுக்குப் போகும். அவன் கூட்டிக்கொண்டு போய் ஏதோ ஒரு மாடியில் உட்காரவைப்பான். அங்கே வாய்க்கால் ஏது, முறை ஏது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ராஜாத்தி இத்தனை வருஷத்தில் அவரைக் கோபமாகப் பார்த்திருக்கிறாள், கேலியாகப் பார்த்திருக்கிறாள். பாவம் என்று பார்த்ததில்லை. அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு அவரால் உயிரோடு இருக்க முடியாது.

ஆனால் வார்த்தை வேண்டுமே. தொலைத்த பொருளை வீட்டில் கேட்காமல் வேறெங்கே கேட்பது? தந்திரமாகக் கேட்பதென்று முடிவு செய்தார்.

“ராஜாத்தி, உனக்கு ஒரு சோதனை.”

“வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேக்கலாமா, கையக் கழுவிட்டு வரணுமா?”

“உரிச்சுக்கிட்டே கேளு. ஒரு ராஜா இருக்கான். குடிமக்களை அடிக்கவும் கூடாது, அவங்க கால்ல விழவும் கூடாது. ஆனா அவன் நெனச்சது நடக்கணும். அந்த வித்தைக்கு என்ன பேரு?”

“குடும்பம் நடத்துறது.”

“அடியே, பெரிய வார்த்தை. பேப்பர்ல எல்லாம் போடுவான். ரெண்டு நாட்டுக்காரன் சண்டை போடாம கை குலுக்கினா போடுவான்.”

“ஆட்சி?”

“ஆட்சிங்கறது நாற்காலி. இது அந்த நாற்காலில உக்காரத் தெரியுறது.”

“சூழ்ச்சியா?”

நாகநாதனுக்குக் கோபம் வந்துவிட்டது. வார்த்தை போனாலும் அர்த்தம் அவரிடம் பத்திரமாக இருந்தது. “சூழ்ச்சின்னா பண்றவனுக்கு லாபம். இது பண்ணா, யாருக்குப் பண்றோமோ அவனுக்கு லாபம். தனக்கு ஒருத்தன் நல்லது பண்ணான்னே அவனுக்குத் தெரியக்கூடாது. தானே செஞ்சதா நெனச்சுக்கிட்டு நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போவணும். அந்த வித்தைடி!”

ராஜாத்தி வெங்காயத்தைக் கீழே வைத்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். “நான் பத்தாவதோட நின்னவ. எனக்கு அவ்வளவு பெரிய வார்த்தையெல்லாம் எங்கேங்க தெரியும்” என்றாள்.

வெங்காயம் அன்றைக்குக் காரம் போலிருக்கிறது என்று நாகநாதன் நினைத்துக்கொண்டார்.

அதிர்ஷ்டம் அவர் பக்கம் இருந்தது. மறுநாள் காலையில் ராஜாத்தி கொல்லைப்புறத்தில் நின்று பேராவூரணியில் இருக்கிற தங்கை பூர்ணிமாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாக அவளுக்கு இது ஒரு பழக்கமாகியிருந்தது. காலையில் ஒரு போன். அதுவும் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. நாகநாதன் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டார்.

“ஆமாடி பூர்ணிமா, இன்னக்கிக் கடைமடை முறைதான். மாமா இப்பக் கெளம்பிப் போயி கொப்பு சொருவுவாரு. பச்சைச் சட்டை கொடியில காயுது, அதத்தான் போட்டுக்குவாரு. நேத்து கூட்டத்துல பேசினாரு பாரு, ஊரே கை தட்டுச்சாம். ராஜதந்திரம்டி. ராஜதந்திரம்! அவரு ராஜதந்திரம் வேற யாருக்கு வரும்?”

கதவுக்குப் பின்னால் நாகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். காணாமல் போன கன்று தானே கொட்டிலுக்கு வந்தது போலிருந்தது. ஒரே ஒட்டுக்கேட்டலில் மூன்று லாபம். வார்த்தை கிடைத்தது, முறை தெரிந்தது, சட்டை எங்கே இருக்கிறது என்றும் தெரிந்தது. இந்தப் பெண்டாட்டிக்கு வாய் நிற்காது என்று இத்தனை காலம் திட்டியது தப்பு. அவளுக்கே தெரியாமல் அவளிடமிருந்து வேண்டியதையெல்லாம் கறந்துவிடலாம். இதற்குப் பெயர் என்ன? ராஜதந்திரம்!

வாய்க்கால் கரை நெடுக அதைச் சொல்லிக்கொண்டே நடந்தார். எதிரில் வந்த ஹபீப் முகம்மதுவிடம் சொன்னார். பாலத்தில் நின்ற ஒரு வெள்ளாட்டிடமும் சொன்னார். ஷட்டருக்குப் பக்கத்தில் மலர்க்கொடி நின்றிருந்தாள். கையில் அப்போதுதான் ஒடித்த வேப்பங்கொப்பு.

“வழியில கெடந்துச்சு தலைவரே. உங்களுக்கு வேணுமேன்னு எடுத்தாந்தேன்.”

“சங்கம் நடத்துறதுன்னா ராஜதந்திரம் வேணும் மலர்க்கொடி.”

“ஆமாங்க தலைவரே. உங்ககிட்டதான் கத்துக்கணும்.”

அவர் ஷட்டரை இறக்கிக் கொப்பைச் சொருகினார். தண்ணீர் கீழே திரும்பியது. மலர்க்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பெண்பிள்ளைக்குத் தலைவர்மேல் அவ்வளவு பக்தி என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு நாட்கள் ஒழுங்காகத்தான் போயின. ராஜாத்தி எல்லா விதத்திலும் தெரியாமலே உதவினாள். வாசலில் யார் தலை தெரிந்தாலும் அடுப்படியிலிருந்தே கத்துவாள்: “வாங்க ரெத்தினம் அண்ணே! கடைமடையிலேர்ந்து நடந்தா வர்றீங்க? மருமவன் அபுதாபியிலேர்ந்து வந்துட்டாரா?” அந்தக் காலத்தில் ராஜா வரும்போது கட்டியக்காரன் முன்னால் கத்திக்கொண்டு போவானாம். இங்கே ராஜா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வருகிறவனுக்குக் கட்டியம் கூறினார்கள். ரெத்தினமும் உள்ளே வந்து, “தலைவரே, ரெத்தினம் வந்திருக்கேன்” என்பார். நாற்பது வருஷம் கூடவே உழுதவர், புதிதாக வேலை கேட்டு வந்தவன் மாதிரி பெயர் சொல்லி நின்றார். வயசு ஆக ஆக மரியாதையும் ஏறுகிறது என்று நாகநாதன் எடுத்துக்கொண்டார்.

ஒரே ஒரு குறை. நாற்றங்காலில் ஒரு மூலை மொட்டையாக இருந்தது. கேட்டதற்கு மாடு மேய்ந்துவிட்டது என்றாள் ராஜாத்தி. நாகநாதன் மாட்டை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, கயிற்றைக் குட்டையாக்கிக் கட்டினார்.

பிறகு அந்தக் காலை வந்தது.

வழக்கம்போல ராஜாத்தி கொல்லையில் நின்று போனில் பேசினாள். வழக்கம்போல அவர் கதவுக்குப் பின்னால்.

“இன்னக்கித் தலைமடை முறைடி பூர்ணிமா. நேத்து சொருவுன கொப்பை மாமா போயி எடுக்கணும். ஆங்... அதாண்டி நானும் சொல்றேன். சாயந்தரம் ரெத்தினம் அண்ணன் பேத்திக்குக் காது குத்து, மாமா மொத ஆளாப் போயி நிப்பாரு, அவருக்கு ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கும்...”

போன் மணி அடித்தது.

அவள் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்த அதே போன், அவள் காதுக்குள்ளேயே அலறியது. ராஜாத்தி அதைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தபடி நின்றாள். நாகநாதன் கதவை விட்டு வெளியே வந்தார். போனை வாங்கி அவரே பேசினார்.

“மாமாவா? நான் பூர்ணிமா பேசுறேன். அக்கா எங்க மாமா? நான் கூப்புட்டாதான் உண்டு, அது ஒரு நாளும் கூப்புடாது. நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கா” என்று சொல்லி வைத்துவிட்டார்.

 கொல்லையில் மாடு குட்டைக் கயிற்றை இழுத்துப் பார்த்தது. ராஜாத்தி அவருக்கு முக்காலியை இழுத்துப் போட்டாள். துவைக்கிற கல்மேல் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது. அதையும் எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

“யார்கிட்டடி பேசிக்கிட்டிருந்தே?”

“உங்ககிட்டதாங்க.”

“தினமுமா?”

“தினமும்.”

நாகநாதன் முக்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக உதிர்ந்தது. “வாசல்ல ஒவ்வொருத்தன் பேரையும் கத்துறியே...”

“உங்களுக்குக் கேக்கணும்னுதான்.”

“ரெத்தினம்?”

“நான்தான் பேரைச் சொல்லிட்டு உக்காரச் சொன்னேன். மொத நாளு ‘அவனுக்குப் போயி நான் பேரு சொல்லணுமா’ன்னு தேம்பித் தேம்பி அழுதுச்சு அந்த அண்ணன்.”

“மலர்க்கொடிக்கும் தெரியுமா?”

“அது பயிரு காஞ்ச அன்னக்கே நான் அது வீட்டுக்குப் போனேன். நம்ம நாத்தைப் பறிச்சுக் குடுத்தேன். ‘அவரைத் தலைவர் எடத்துலேர்ந்து எறக்கிடாதம்மா, கூடவே நின்னு பாத்துக்க’ன்னு கையப் புடிச்சேன். அது என்னைக் கட்டிக்கிட்டு அழுவுது. காஞ்சது அது பயிரு. அழுவுறது எனக்காக.”

“அப்ப மாடு?”

“பாவங்க, அது ஒண்ணும் செய்யல.”

நாகநாதன் மாட்டைப் பார்த்தார். எழுந்துபோய்க் கயிற்றை நீட்டிக் கட்டினார். முடிச்சு போட வரவில்லை. ராஜாத்தி வந்து போட்டாள். அப்போதுதான் அவர் அழுதார். ஊர் முழுக்கத் தெரிந்த ஒன்றை ஊருக்குத் தெரியாமல் மூடி மூடி வைத்திருந்த வெட்கம் ஒரு பக்கம். இத்தனை பேர் சேர்ந்து தன்னை ஏந்திக்கொண்டிருந்திருக்கிறார்களே என்பது மறுபக்கம். எதற்கு அழுகிறோம் என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ராஜாத்தி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். அவர் பயந்துகொண்டிருந்த அந்தப் பார்வை அவள் கண்ணில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். இல்லை. தூக்கம் கெட்ட சிவப்பு மட்டும் இருந்தது.

“நேராச் சொல்லியிருக்கலாமேடி.”

“நேராவும் சொல்லிப் பாத்தேங்க. ‘எனக்கா மறதி’ன்னு எலையத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்க. அந்த மொகத்த என்னால பாக்க முடியல.”

அப்படி எதுவும் நடந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வது அவள் வழக்கம்.

“நீ பண்ணதுக்கு ஒரு வார்த்தை இருக்கு ராஜாத்தி. யாருக்குப் பண்றோமோ அவனுக்குத்தான் லாபம். அவனுக்கே தெரியாது. நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போவான். அந்த வித்தைக்குப் பேரு...”

அவர் வாயைத் திறந்தபடி இருந்தார். அவள் அவசரப்படுத்தவில்லை. அவருடைய துண்டை உதறி மடித்துக்கொண்டே, யாரிடமோ பேசுவதுபோல மெல்லச் சொன்னாள்.

“ராஜதந்திரம்.”

“அதான்! அதேதான்!” நாகநாதன் தொடையைத் தட்டினார். அழுத முகத்தில் சிரிப்பு வந்தது. எப்படியோ, கண்டுபிடித்தது அவர்தானே? இவ்வளவு பெரிய ராஜாங்கத்தை ஒரு போனை வைத்து நடத்தினாளே, அதைக் கையும் களவுமாகப் பிடித்தது யார்? நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

“சரி, இனிமே இந்த நாடகம் வேணாம். எதுவா இருந்தாலும் என் மொகத்தைப் பாத்து நேராச் சொல்லு. நான் தாங்கிக்குவேன். கோவிச்சுக்க மாட்டேன். சத்தியம் பண்ணு.”

ராஜாத்தி உடனே அவர் கையில் கையை வைத்தாள். “சத்தியமா.”

“எத்தனை வருஷமாச்சு நமக்குக் கல்யாணமாயி. ஒரு நாளு உன்னை ஜெயிச்சிருக்கனா? இன்னக்கி ஒத்துக்க. மொத மொதலா எங்கிட்டத் தோத்துட்டே.”

ராஜாத்தி அவர் கையை விடவில்லை. கொடியில் காய்கிற பச்சைச் சட்டையைப் பார்த்தபடி சொன்னாள்.

“ஆமாங்க. போன செவ்வாக்கெழமையும் இப்படித்தான் தோத்தேன்.”